கல்யாண கேசட் மாதிரி இருக்கிறதே, அண்ணாச்சி! மினிடிவி கேமராவில் படம் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேல் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். நடுவில் கூட்டாளிகளோடு சேர்ந்து நாலைந்து குறும்படம், அப்புறம் பாதியில் நின்றுபோன ஒரு முழுநீளப் படம். எல்லாம் மினிடிவி டேப்பில். அந்தக் கேமராவை எடைக்குப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அதே கேமராவைத் தேடிக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பழைய 'லுக்' வேண்டுமாம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்பதால் எழுதியே வைத்துவிட்டேன். ஒரு விஷயம், மினிடிவி என்ற பெயரில் வருகிற டிவி தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம்.

கேள்வி: மினிடிவி என்பது என்ன? விஎச்எஸ் தானே?

இல்லை. விஎச்எஸ் உங்கள் அப்பா அம்மா கல்யாண கேசட், செங்கல் சைஸில் பீரோ மேலே கிடக்கும். மினிடிவி 1995-இல் வந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டேப், ஒரு மணி நேரம் ஓடும், உள்ளே பதிவாவது டிஜிட்டல். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான 'பால்' (PAL) முறையில் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம். கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் சோனி பிடி170, பானசோனிக் எம்டி10000 இரண்டும்தான் ஊர் ஊராகச் சுற்றின. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கேமரா சும்மா கிடக்கும் பாருங்கள், ஆடியிலும் மார்கழியிலும், அப்போது கெஞ்சி வாங்கிக்கொண்டு போய்த்தான் நாங்கள் படம் எடுத்தோம்.

கேள்வி: எவ்வளவு ஒழுங்காக எடுத்தாலும் 'கல்யாண வீடியோ மாதிரி இருக்கு' என்கிறார்களே, ஏன்?

எனக்கும் நடந்திருக்கிறது. 2006-இல் எங்கள் முதல் குறும்படத்தை ஒரு சின்ன ஹாலில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டினோம். கதாநாயகனின் அம்மா செத்துப்போகிற காட்சி. பின்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம், 'படம் நல்லாத்தான் இருக்கு வே, மாப்பிள்ளை அழைப்பு எப்ப வரும்?' என்று கேட்டார். அவர் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே கேட்டார் என்பதுதான் வேதனை.

காரணம் மூன்று. முதலாவது இன்டர்லேஸ். இந்தக் கேமராக்கள் ஒரு பிரேமை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. ஒன்று விட்டு ஒன்றாகப் பாதி வரிகளை முதலில் எடுத்து, மீதிப் பாதியை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து எடுக்கும். அதனால் 25 பிரேம் என்றாலும் அசைவு நொடிக்கு 50 தடவை பதிவாகிறது, எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரித் தெரியும். சினிமா நொடிக்கு 24. நம் கண் 24-ஐப் பார்த்தால் கதை என்றும், 50-ஐப் பார்த்தால் செய்தி, சீரியல், கல்யாணம் என்றும் பல வருஷமாகப் பழகிக் கிடக்கிறது. 2002-இல் வந்த பானசோனிக் டிவிஎக்ஸ்100 முழு பிரேமாக 24 எடுத்தது, அதன் பால் மாடல் 25. சின்னப் படம் எடுத்தவர்கள் அந்தக் கேமராவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். அது இல்லாதவர்கள் எடிட்டிங்கில் டீஇன்டர்லேஸ், அதாவது இரண்டு பாதியையும் ஒரே முழு பிரேமாக மாற்றுவது, செய்துகொள்ள வேண்டியதுதான், படத்தின் கூர்மை கொஞ்சம் போகும், போகட்டும்.

இரண்டாவது, ஜூம். கல்யாணக்காரன் கை எப்போதும் ஜூம் பட்டனில் இருக்கும், என் கையும்தான். தாலி கட்டும்போது உள்ளே போ, கெட்டிமேளத்துக்கு வெளியே வா. கதைப் படத்தில் அதே கை அதே வேலையைச் செய்தால் பார்க்கிறவருக்குப் பந்தி ஞாபகம் வராமல் என்ன செய்யும்?

மூன்றாவது, கேமரா தலையில் மாட்டின விளக்கு. முகத்தில் நேராக அடித்து மூக்கு, தாடை, கன்னம் எல்லாவற்றையும் ஒரே தட்டாக்கிவிட்டு, பின்சுவரில் கறுப்பாக ஒரு நிழலையும் ஒட்டவைக்கும். என் கணக்கில் இந்த மூன்றில் இன்டர்லேஸ்தான் சின்னக் குற்றவாளி. ஜூமையும் தலை விளக்கையும் விட்டுப் பாருங்கள், 50 அசைவு இருந்தால்கூடப் பாதி கல்யாணம் காணாமல் போய்விடும்.

கேள்வி: வெளிப்புறக் காட்சியில் வானம் வெள்ளைத்தாளாகிவிடுகிறது, முகம் கரியாகிவிடுகிறது. கேமரா கோளாறா?

கேமரா கோளாறு இல்லை, நீங்கள் படம் எடுத்த நேரம் கோளாறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் மினிடிவி கெட்ட பெயர் வாங்கியதில் பாதிக்கு மேல் வெயிலால்தான்.

ஃபிலிம் நெகட்டிவ் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே பன்னிரண்டு பதின்மூன்று ஸ்டாப் வரை தாங்கும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது. அதிலும் வெளிச்சம் கூடக்கூட மெதுவாகத்தான் வெளுக்கும். இந்தக் கேமரா ஏழெட்டு ஸ்டாப்புக்குள் முடிந்துவிடும், அதுவும் மேல்பக்கம் சட்டென்று வெட்டிவிடும். வெள்ளையான பிறகு அதற்குள் ஒன்றுமே கிடையாது, எடிட்டிங்கில் எத்தனை இழுத்தாலும் சாம்பல் நிறம்தான் வரும். இப்போது நம் ஊர்க் காட்சியை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மணி, வெள்ளை வேட்டி, கறுத்த முகம், பின்னால் கொதிக்கிற வானம். இந்த நாலையும் ஒரே பிரேமில் வைக்கச் சொன்னால் அந்தச் சின்னப் பெட்டி என்ன செய்யும்? ஆட்டோவில் விட்டால் அது வானத்தைப் பார்த்துப் பயந்து, வெளிச்சத்தை உள்ளே விடுகிற லென்ஸ் துளையைச் சுருக்கிக்கொள்ளும், முகம் போச்சு.

அதோடு இன்னொன்று. திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு எட்டே முக்கால் பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்திலும், அப்புறம் ஆவணியிலும் மத்தியானச் சூரியன் அப்படியே உச்சந்தலையில் நிற்கும். அப்போது முகத்தில் கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழிதான் தெரியும். எவ்வளவு நல்ல நடிகராக இருந்தாலும் கண் தெரியவில்லை என்றால் என்ன நடிப்பது?

நாங்கள் திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் ஒரு நாள் முழுக்க எடுத்தோம். செம்மணல், சுற்றிலும் பனை, கண்ணால் பார்க்க அவ்வளவு அழகு. டேப்பை வந்து பார்த்தால் பத்து மணிக்கு மேல் எடுத்தது ஒன்றும் தேறவில்லை, மணல் ஆரஞ்சுக் குழம்பாக இருந்தது. காலை ஆறேகாலுக்கு, லைட்டு எப்படி இருக்கிறது என்று சும்மா சோதித்துப் பார்க்க எடுத்த இரண்டு நிமிஷம்தான் படத்திலேயே நல்ல காட்சி. அன்றையிலிருந்து என் அட்டவணை இதுதான்: ஆறிலிருந்து ஒன்பது வரை வெளியே, ஒன்பதிலிருந்து நாலு வரை திண்ணை, கூடம், புளியமரத்தடி, நாலரைக்கு மேல் மறுபடி வெளியே. வேறு வழியே இல்லாமல் மத்தியானம் எடுத்தால் வானத்தை பிரேமிலிருந்து வெட்டுங்கள், கேமராவைக் கொஞ்சம் மேலே வைத்துத் தரையைப் பின்னணியாக்குங்கள். கேமராவிலேயே இருக்கும், வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டரைப் போடுங்கள், ரொம்ப வெளுக்கிற இடத்தில் வரி வரியாகக் காட்டும் ஜீப்ரா கோட்டை ஆன் செய்து வெளிச்சப் பகுதிக்கு எக்ஸ்போஷரைக் கையால் வையுங்கள், இருட்டின முகத்துக்கு ஒரு தெர்மாகோல் தட்டைக் காட்டுங்கள். தெர்மாகோல் இல்லையா, வெளுத்த வேட்டியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். நடிகருக்கு வெள்ளைச் சட்டை மட்டும் கொடுக்காதீர்கள். பழுப்பு, நீலம், சாயம் போன கைலி, எதுவும் பரவாயில்லை.

கேள்வி: பனை ஓலை, கோபுரம் இதையெல்லாம் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறதே?

அது கேமரா தானாகச் செய்கிற கூர்மை வேலை. விளிம்பைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு வெள்ளைக் கரை போடும், தொலைக்காட்சிப் பெட்டியில் பார்க்க 'ஷார்ப்பாக' இருக்கட்டும் என்று. மெனுவில் ஷார்ப்னஸ் அல்லது டீட்டெயில் என்று இருக்கும், நன்றாகக் குறைத்துவிடுங்கள். ஐந்து வினாடி வேலை. இதைச் செய்யாமல் ஆயிரம் ரூபாய் ஃபில்டர் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பின்னணி ப்ளர் ஆகவே மாட்டேன் என்கிறது.

ஆகாது. படத்தைப் பிடிக்கிற சில்லான சென்சார், அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று போட்டிருந்தாலும் நிஜ அகலம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. 35 எம்எம் ஃபிலிம் பிரேம் 22 மில்லிமீட்டர் அகலம். சென்சார் சின்னதானால் முன்னால் நிற்கிற ஆள், பின்னால் கட்டியிருக்கிற மாடு, அதற்குப் பின்னால் ஓடுகிற பஸ், எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். ரொம்ப வேண்டும் என்றால் கேமராவைத் தூரமாகக் கொண்டுபோய் முழு ஜூமில் வையுங்கள், துளையை நன்றாகத் திறங்கள், ஆளைப் பின்சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். ஓரளவு மங்கும்.

ஆனால் எதற்காக மங்க வேண்டும் என்று நான் கேட்பேன். எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்றால் எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். முன்னால் அண்ணன் தம்பி சண்டை, நடுவில் அம்மா முறத்தில் அரிசி புடைக்கிறாள், தூரத்தில் பங்காளி வீட்டு வாசலில் ஒருத்தர் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். இது ஒரே ஷாட்டில் கிடைக்கிறது! பெரிய கேமராவில் இதே காட்சிக்கு விளக்கை அள்ளிக் கொட்ட வேண்டும்.

கேள்வி: கோயில் கொடையை, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவை, ராத்திரியில் எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுத்திருக்கிறேன். சொல்லப்போனால் நான் மினிடிவியில் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது சுடலைமாடன் கோயிலில் நடுச்சாமத்தில் நடக்கிற சாமக்கொடைதான். ஆனால் என்னென்ன வரும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

வெளிச்சம் போதாது என்று கேமரா கெயினை ஏற்றும், அதாவது கிடைத்த வெளிச்சத்தை மின்சாரத்தால் பெரிதாக்கும். 18 டெசிபலில் வைத்தால் இருட்டெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். நான் 6-க்கு மேல் போவதில்லை, இருட்டு இருட்டாக இருந்துவிட்டுப் போகட்டும். டியூப் லைட், தீப்பந்தம் மாதிரி சுடரும் பொருளைப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக் கோடு விழும். அது இந்தக் கேமராக்களில் இருக்கிற சிசிடி வகைச் சென்சாரின் குணம், மறைக்க முடியாது. அப்புறம் சிவப்பு. கோயிலில் சிவப்புப் பட்டு, குங்குமம், செவ்வரளி மாலை தவிர வேறென்ன இருக்கிறது? இந்த டேப்பில் நிறத்துக்கான தகவல் வெளிச்சத் தகவலில் நாலில் ஒரு பங்குதான் பதிவாகும். அதனால் சிவப்பு தன் கோட்டைத் தாண்டிப் பக்கத்தில் வழியும், ஓரம் படிக்கட்டு மாதிரி உடையும். நிறத்தின் அடர்த்தியைக் கேமராவிலேயே கொஞ்சம் குறைத்து எடுத்தால் அடங்கும்.

தலை விளக்கை மட்டும் போடாதீர்கள். கணியான் கூத்துக்காரர் மகுடம் என்ற பறையை அடிக்க, பந்தம் எரிய, சாமியாடி முகத்தில் அந்தத் தீ ஆடுகிறது, அதில் கொண்டுபோய் வெள்ளை வெளிச்சத்தை அடித்தால் சாமி ஓடிப்போய் ஆள் மட்டும் நிற்பார். எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று சொல்கிற வைட் பேலன்ஸை 3200-இல் பூட்டிவிட்டால் தீ மஞ்சளாகவும், தூரத்து டியூப் லைட் பச்சை கலந்த நீலமாகவும் வரும். அந்த இரண்டு நிறத்தையும் நான் திருத்துவதே இல்லை, கொடை ராத்திரி அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று, இது கேமரா விஷயம் இல்லை. சாமி வேட்டைக்குச் சுடுகாட்டுக்குப் போகும்போது பின்னாலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் முதல் நாளே பேசி, எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கேள்வி: இந்த மாதிரிக் கேமராவில் எடுத்து உலகம் பார்த்த படம் ஏதாவது உண்டா, அல்லது நீங்கள் சமாதானம் சொல்கிறீர்களா?

உண்டு. டென்மார்க்கில் 1995-இல் சில இயக்குநர்கள் சேர்ந்து டாக்மே என்று ஒரு விதிப் பட்டியல் போட்டார்கள்: கேமரா கையில்தான் இருக்க வேண்டும், செயற்கை விளக்குக் கூடாது, ஒலியைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. அந்த வரிசையில் முதல் படம் 'ஃபெஸ்டன்', 1998. ஒரு சின்ன சோனி ஹேண்டிகேமில் எடுத்தார்கள், கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கியது. ஒரு வீட்டு விசேஷத்தில் குடும்பத்தின் அழுக்கு வெளியே வருகிற கதை. நம்ம கல்யாண வீடியோவுக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! விசேஷ வீட்டில் கேமரா ஓடுகிற மாதிரியே இருப்பதுதான் அந்தப் படத்துக்குப் பலம்.

'28 டேஸ் லேட்டர்' என்ற ஆங்கிலப் படம், 2002, கேனன் எக்ஸ்எல்1 என்ற மினிடிவி கேமரா. ஆளே இல்லாத லண்டன் தெரு வேண்டும், அதிகாலையில் கொஞ்ச நேரம்தான் தெரு கிடைக்கும். சின்னக் கேமரா என்பதால் பல இடங்களில் ஒரே நேரத்தில் வைத்து எடுத்தார்கள். கடைசிக் காட்சி மட்டும் 35 எம்எம் ஃபிலிம், அது வரும்போது கண் கழுவினாற்போல் இருக்கும். தமிழில் 2012-இல் 'வழக்கு எண் 18/9' கேனன் 7டி ஸ்டில் கேமராவில் வந்தது. அது மினிடிவி இல்லை, அடுத்த தலைமுறை, ஆனால் சின்னக் கேமராவைத் தியேட்டர் ஏற்றுக்கொள்ளும் என்ற தைரியம் இங்கே பலருக்கு அதில்தான் வந்தது.

கேள்வி: ஒலி?

படம் மோசமாக இருந்தால் ஸ்டைல் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஒலியில் அது நடக்காது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாடியெல்லாம் சுற்றும்போது கேமரா மைக்கில் வெறும் தடதடதான் பதிவாகும். தனி மைக், அதற்குப் பஞ்சு உறை, பேசுகிற ஆளிடமிருந்து ஒரு முழம் தூரத்தில். மெனுவில் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 12 பிட் என்று தரம் குறைந்த இன்னொன்று இருக்கும், கல்யாணத்துக்குப் போன கேமராக்கள் பலவற்றில் யாரோ அதை மாற்றி வைத்திருப்பார்கள். என்னுடைய ஒரு முழு நாள் வில்லுப்பாட்டு அப்படித்தான் 12 பிட்டில் போனது.

கேள்வி: ஃபோனில் எடுத்துவிட்டு ஆப்பில் பழைய மாதிரி ஆக்கினால் போதாதா?

பாதி வரும். ஆனால் அந்த ஆப்புகள் குறுக்கே கோடு ஓடவிட்டு, நிறத்தை உதறி, மூலையில் தேதி போடும். கோடு ஓடுவது விஎச்எஸ்ஸின் நோய். மினிடிவிக்கு நோய் வந்தால் சதுரம் சதுரமாகக் கட்டம் உடையும், டேப்பைப் படிக்கிற ஹெட்டில் தூசி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் கலந்து போட்டால் என் வயசுக்காரன் சிரிப்பான்.

ஃபோனில்தான் எடுக்கிறீர்கள் என்றால் 25 பிரேம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒன்று என்று பூட்டுங்கள். நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அறுபதில் ஒன்று வைத்தால் டியூப் லைட் காட்சியில் பட்டை பட்டையாக ஓடும். வெளிச்சத்தையும் இருட்டையும் தானாகச் சமப்படுத்துகிற எச்டிஆரை அணையுங்கள், 4:3-க்கு வெட்டுங்கள். ஒன்று மட்டும் ஃபோனில் கிடைக்காது. ஓடுகிற பஸ் ஜன்னலிலிருந்து எடுத்தால் ஃபோனில் பனைமரமெல்லாம் சாய்ந்துகொண்டு ஓடும், பழைய சிசிடியில் நேராக நிற்கும். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாபநாசம் வரை பஸ்ஸில் உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கேள்வி: பழைய கேமரா வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

ஒரு புது டேப் போட்டு ஐந்து நிமிஷம் பதிந்து, அதே கேமராவில் ஓட்டி, அப்புறம் வேறொரு கேமராவிலும் ஓட்டிப் பாருங்கள். கட்டம் உடையாமல் ஓடினால் ஹெட் நல்லது. கம்ப்யூட்டருக்கு வயர் மாட்டுகிற ஃபயர்வயர் துளையைக் கட்டாயம் சோதியுங்கள், நிறையக் கேமராவில் அதுதான் செத்திருக்கும். லென்ஸை டார்ச் அடித்துப் பாருங்கள், உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோர ஊரில் இருந்த கேமராவில் பூஞ்சை பிடித்திருக்கும். மற்றபடி மேலே கீறல் இருந்தால் கவலை இல்லை, கல்யாண வீட்டில் இடிபடாத கேமரா எது?

கேள்வி: வீட்டில் பழைய மினிடிவி டேப் ஐம்பது கிடக்கிறது, என்ன செய்ய?

இந்த வருஷமே ஏற்றிவிடுங்கள், அடுத்த வருஷம் என்று வைக்காதீர்கள். டேப்பை விட அதை ஓட்டுகிற கேமராதான் சீக்கிரம் குறைந்துவருகிறது. ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை கடைசிவரை வேகமாகச் சுற்றி, திரும்பச் சுற்றிவிடுங்கள், ஒட்டிக்கிடக்கிற டேப் இளகும். ஃபயர்வயர் வழியாக அப்படியே எடுங்கள். டேப்பில் இருக்கிற அதே தகவல் கம்ப்யூட்டருக்கு வரும், ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. கடைக்காரர் 'டிவிடியாகப் போட்டுத் தருகிறேன்' என்பார். அதில் படத்தை மறுபடி நசுக்கிவிடுவார்கள், மூலக் கோப்பையே கேளுங்கள். அகலத் திரைக்கு இழுத்து எல்லாரையும் குண்டாக்கவும் வேண்டாம். 720க்கு 576 என்பதைச் சதுரப் புள்ளியாக மாற்றும்போது 768க்கு 576 என்று வையுங்கள், முகம் சரியான அகலத்தில் வரும்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டு 4கே ஆக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஒரு தம்பி தன் ஆச்சி பேசுகிற டேப்பை அப்படி ஆக்கிக் கொண்டுவந்து காட்டினான். தோல் மெழுகு மாதிரி வழவழவென்று இருந்தது, சுருக்கம் ஒன்றையும் காணோம். ஆச்சிக்குப் பாம்படம் போட்டு நீண்டு தொங்கிய காது, அதை மென்பொருள் என்னவென்று நினைத்ததோ, கழுத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டது. மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அழித்துவிட்டானாம். நல்லவேளை, டேப் பீரோவில் இருந்தது.